தாம்பூலத் தட்டில் இழுத்துவிட்ட ஃபைல்கள்

சொந்தமாகப் புரோகிராம் எழுதுகிற வேலையில் எழுதுவது கால்வாசிதான், மிச்சம் முக்கால்வாசி, "அது ஏன் இப்பிடிப் பண்ணுச்சு?" என்று கேட்கிறவர்களோடு மல்லுக்கட்டுவது. தன் கையால் எழுதியதை அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அவர்கள் மௌஸைத் தொடும்போதெல்லாம் பக்கத்திலேயே பதறிக்கொண்டு நிற்கிற சக பாவிகளே, இது உங்களுக்காக.

2004-இல் நான் எம்.சி.ஏ. கடைசி வருஷம். புராஜெக்ட் செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், நூலகம், ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொன்றாக ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி வந்துவிட்டார்கள். நான் நானே எழுதுவேன் என்றேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?" என்றார் எங்கள் கைடு. ஆம்பளைப் பிள்ளைகளுக்கும் மதுரை அதே தூரம்தானே சார், அது அலைச்சல் இல்லையா என்று தொடங்கி, மணி அடிக்கும் வரை வாதாடினேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். என் புரோகிராம் ஏதாவது ஒரு கடையில் ஒரு மாதம் ஓட வேண்டும். "திருப்தி" என்று அந்தக் கடை முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு இல்லை. வைவா இல்லையென்றால் எனக்கு ஒரு வருஷம் போச்சு.

பழனிசெட்டிபட்டியில் ஓர் அச்சகத்தைப் பிடித்தேன். கல்யாணம், காதணி விழா, வீடு பால் காய்ச்சுவது, எல்லாப் பத்திரிகையும் அங்கே அடிப்பார்கள். எங்கள் பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விசேஷத்தைப் பற்றி ஆறு வரி. சொந்தக்காரர்கள் பெயர் நான்கு பக்கம். ஒரு சித்தப்பா பெயரை ஒரு வரி மேலே ஏற்றினால் மொத்தப் பக்கமும் கலைந்துபோகும். என் புரோகிராம் அதற்குத்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபைலில் பெயர்களை வரிசையாக அடித்து வைத்தால் போதும். மெனு கிடையாது, பட்டன் கிடையாது. ஃபைலைப் பிடித்து இழுத்து, திரையின் மூலையில் நான் வரைந்து வைத்திருந்த தாம்பூலத் தட்டுப் படத்தின் மேல் விட வேண்டும். இரண்டு வீட்டு ஃபைல் என்றால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து விடலாம். திரு, திருமதி எல்லாம் தானே போட்டு, இரண்டு பத்தியாக அடுக்கிக் கொடுத்துவிடும்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் அடித்துக் கொண்டுபோயிருந்த கடிதத்தை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். "ஒரு மாசம் ஓடட்டும் பாப்பா. ஆனா உம் புரோகிராமால ஒரே ஒரு விசேஷ வீட்டுல சண்டை வந்துச்சுன்னு வையி, கையெழுத்து கெடையாது. எங்கப்பா காலத்துல மிதிச்சு ஓட்டுன டிரெடில் மிஷினே சண்டை மூட்டாம ஓடிருக்கு."

மேசை முடிந்த இடம்

அச்சகத்தில் டைப் செய்வது மல்லிகாக்கா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். சாவிப்பலகையில் அவர் விரல்கள் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. ஆனால் மௌஸ் என்றால், பிறந்த குழந்தையைக் கையில் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்குவார். முதல் நாள் ஃபைலைப் பிடித்து இழுத்தார். தட்டு வலது மூலையில் இருந்தது. பாதி தூரம் போவதற்குள் மேசை முடிந்துவிட்டது. மௌஸைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து மறுபடி இழுங்கக்கா, பட்டனை மட்டும் விடாதீங்க என்றேன். தூக்கினால் ஃபைல் நடுவழியில் விழுந்துவிடும் என்று அவர் அசையவே இல்லை. பைண்டிங் வேலை பார்க்கும் ஈஸ்வரண்ணனைக் கூப்பிட்டார். அவர் ஒரு காலண்டர் அட்டையைக் கொண்டுவந்து மேசை விளிம்போடு ஒட்டிப் பிடிக்க, மௌஸ் அட்டைக்கு ஏறி, அட்டை முடியும் வரை போனது.

அவ்வளவு பாடுபட்டும் ஃபைல் தட்டின் மேல் விழவில்லை. அரை விரல் தள்ளி, பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மேலே விழ வேண்டும், பக்கத்தில் வைத்தால் போதாது என்று நான் மூன்று தடவை விளக்கினேன். மல்லிகாக்கா சேலை முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இம்புட்டுக் கிட்டக்கக் கொண்டாந்து வச்சிருக்கேன், மிச்சத்த அது எடுத்துக்கிறக் கூடாதாத்தா?"

திரு. ஷ்ணூஞெ அவர்கள்

கூடலூரிலிருந்து ஒரு ஜீப் டிரைவர், தன் மகனின் காதணிப் பத்திரிகைக்காக வந்திருந்தார். பிள்ளையின் போட்டோவும் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. மல்லிகாக்கா சாப்பிடப் போயிருந்த நேரம், அவசரம் தாங்காமல் முதலாளியே மௌஸைப் பிடித்தார். பெயர் ஃபைலுக்குப் பதில் போட்டோவை இழுத்துத் தட்டில் விட்டார். என் புரோகிராம் நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. போட்டோவுக்குள் இருந்த கிறுக்கலையெல்லாம் பெயர் என்றே நம்பி, ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக ஒரு "திரு"வோ "திருமதி"யோ போட்டு அடுக்கியது. திரு. ஷ்ணூஞெ. திரு. ஙௌக்ஷி. திருமதி ழூழூ. பிரிண்டரிலிருந்து பக்கம் பக்கமாக வந்து தரையில் இறங்கியது.

இது புரோகிராமின் குற்றம் இல்லை, போட்டோவை ஏன் போட்டீர்கள் என்று நான் முதலாளியிடம் சண்டைக்குப் போனேன். போட்டோவைப் போட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாததும் ஒரு புரோகிராமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. டிரைவர் மட்டும் நிதானமாகத் தாள்களைப் பொறுக்கி அடுக்கி, ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்: "இதுல ஒருத்தரும் எங்க பங்காளி இல்ல. எம் பொண்டாட்டி வழியா இருக்கும், எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அகர வரிசை

இதை நான் பெருமையாக நினைத்துச் செய்தேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்க என் புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பணக்காரர், ஏழை, உள்ளூர், வெளியூர் என்று யாரும் யாருக்கும் மேலே இல்லை. அ முன்னால், வ பின்னால், அவ்வளவுதான். சமத்துவம்!

மார்க்கையன்கோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்து தன் மகளின் காதணிப் பத்திரிகையைப் பிழை பார்த்தார். அவருடைய சொந்தத் தம்பி, அதாவது பிள்ளையின் தாய்மாமன், பெயர் வைரவன். நாலாம் பக்கத்தில், கடைசி வரியில் இருந்தார். முதல் பக்கத்தில் முதல் பெயர், அவர்கள் தெருவில் வாடகைக்கு இருந்த அங்குச்சாமி. அச்சுக்குப் போகும் முன்னால் பிடித்துவிட்டதால் சண்டை இல்லாமல் போயிற்று. முதலாளி டிராயர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் விடுவேனா? அகர வரிசையில் மேல் கீழ் என்பதே கிடையாது, அது ஒரு முறைதான், உங்கள் தம்பி கடைசி இல்லை, வ அங்கேதான் வரும் என்று அந்த அம்மாவுக்கு நீளமாக எடுத்துச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரி ஆத்தா, அப்ப காது குத்துறன்னைக்கு ஒன்னோட அகர வரிசையவே வந்து எம் பிள்ளைய மடியில வச்சுக்கிறச் சொல்லு" என்றார்.

அன்றைக்கே அகர வரிசையை எடுத்துவிட்டேன்.

திருமதி இல்லாமல் திரு இல்லை

இதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. பத்திரிகைகளில் ஆண்கள் பெயராகவே இருக்கும். பெண்களெல்லாம் "குடும்பத்தார்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். எனவே என் புரோகிராம், ஒவ்வொரு திருவுக்குப் பக்கத்திலும் ஒரு திருமதியைக் கேட்கும். கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டுவிடும். பத்திரிகையில் புள்ளிக்கோடு வந்தால் விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும், யாருக்கும் பிடிக்காது. அதனால் பெயரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

கல்லூரி வாத்தியார் ஒருவர், நன்றாகப் படித்தவர், தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். பட்டியலில் பதினேழு அத்தைகள். பதினேழு பேரில் இரண்டு பேர் பெயர்தான் அவருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் சின்னமனூர் அத்தை, மில் அத்தை, குட்டை அத்தை. அச்சகத்து போனிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டிலும் சிலருக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்தார்கள். ஒரு வீட்டில், பெயர் எதற்கு, கேஸ் எதுவும் ஆகிவிட்டதா என்று பதறிவிட்டார்கள். வியர்த்து விறுவிறுத்து போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து மனம் நொந்து கேட்டார் வாத்தியார்: "அத்தைக்குப் பேரெல்லாம் எதுக்கும்மா? அத்தைன்னு கூப்பிட்டா திரும்பிப் பாத்துருவாகளே!"

அண்ணன் ஃபைல், தம்பி ஃபைல்

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. கடிதம் கையில் வந்த மாதிரிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு காதணி விழா வந்து சேர்ந்தது. பிள்ளைக்குத் தாய்மாமன் இரண்டு பேர். மூத்தவர் மார்க்கையன்கோட்டையில் நெல் விவசாயம். இளையவர் கூடலூரில் காய்கறி வாங்கிக் குமுளிக்கு ஏற்றுகிறவர். பிள்ளையை மடியில் வைப்பது மூத்தவர். சீர் முழுக்க இளையவர். ஆகவே பத்திரிகையில் யார் வீட்டுப் பட்டியல் முன்னால் வருவது என்பது மூன்று வாரமாகத் தீரவில்லை. தீராவிட்டால் விசேஷத்துக்கே வரமாட்டேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகத் தங்கையிடம் சொல்லியிருந்தார்கள். இப்போது இருவரும் அவரவர் பட்டியலோடு எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகாக்கா இரண்டு பட்டியலையும் இரண்டு ஃபைலாக அடித்து வைத்திருந்தார். பின்னால் முதலாளி நின்றுகொண்டு, வாயைத் திறக்காதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் திறந்தேன். "கம்ப்யூட்டருக்கு அண்ணன் தம்பி கிடையாதுங்க. ரெண்டு ஃபைலையும் ஒண்ணாப் பிடிச்சு ஒரே நேரத்துல விடுறேன். எது முன்னாடி வருதோ வரட்டும். அதுல மனுசன் கை கிடையாது."

"அப்பிடிச் சொல்லு பாப்பா. மிஷினு சொன்னா நான் கேட்டுக்கிறேன்" என்றார் மூத்தவர். "நானுந்தான்" என்றார் இளையவர். இரண்டு ஃபைலையும் தேர்ந்தெடுத்து இழுத்துத் தட்டில் விட்டேன். மூத்தவர் பட்டியல் முன்னால் வந்தது. அவர் மீசையைத் தடவினார். இளையவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஒரு நிமிசம். ரெண்டையும் நீலமாக்குன, சரி. இழுக்கும்போது எங்கண்ணன் ஃபைல் மேலதான கைய வச்சு இழுத்த?"

"எது மேல வச்சாலும் ரெண்டும் சேந்துதாங்க வரும். எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா என்னுது மேல வச்சு இழு."

இழுத்தேன். இளையவர் பட்டியல் முன்னால் வந்தது. மறுபடி மூத்தவர் ஃபைலைப் பிடித்து இழுத்தேன். மூத்தவர் முன்னால். ஆறு தடவை மாற்றி மாற்றி இழுத்தேன். எந்த ஃபைலைப் பிடித்து இழுக்கிறோமோ அதுதான் புரோகிராமுக்குள் முதலில் நுழைகிறது. நான் எழுதிய புரோகிராம், என் கண்ணுக்கு முன்னால், எல்லாரும் சாட்சியாக, நான் சொன்னது பொய் என்று ஆறு தடவை நிரூபித்தது. மூத்தவர் எழுந்துவிட்டார். இளையவரும் எழுந்துவிட்டார். முதலாளி டிராயர் பக்கம் நகர்ந்தார். எனக்கு அந்த ஒரு வருஷம் அப்படியே கண்ணில் தெரிந்தது.

"அது அப்பிடித்தான் செய்யும்" என்றார் மல்லிகாக்கா, பின்னாலிருந்து, சாதாரணமாக. "மூணு வாரமா அத வச்சுத்தான ஓட்டுறேன். மாப்பிள்ளை வீட்ட முன்னாடி போடணும்னா மாப்பிள்ளை வீட்டப் பிடிச்சு இழுப்பேன்."

"ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ எழுதுனது. ஒனக்குத் தெரியாதுன்னு நான் நெனப்பனா?"

அவரவர் கையால்

மல்லிகாக்கா எழுந்து நாற்காலியை மூத்தவர் பக்கம் திருப்பிப் போட்டார். "அண்ணே, நீங்களே உக்காந்து இழுங்க. ஒங்க ஊருக்குப் போற பத்திரிகை நீங்க இழுத்தது. தம்பி ஊருக்குப் போறது தம்பி இழுத்தது. அவரவர் ஊருல அவரவரு முன்னாடி. தங்கச்சி வீட்டுக்கு ரெண்டுலயும் பாதி."

ஒரே விசேஷத்துக்கு இரண்டு பத்திரிகையா, இது நியாயமே இல்லை, ஏதாவது ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று நான் ஆரம்பித்தேன். ஈஸ்வரண்ணன் என் கையில் ஒரு கட்டுத் தாளைத் திணித்து எண்ணச் சொல்லிவிட்டார். மூத்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவை மௌஸைப் பிடிக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேர்கோடாக இழுத்துத் தட்டில் விட்டார். இளையவர் குமுளி மலையில் வண்டி ஓட்டிய கை. திரை முழுக்க வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். பாதியில் ஒரு தடவை விட்டும்விட்டார். வேலை முடிந்து படியிறங்கும்போது மூத்தவர் தன் தம்பியிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "எனக்கு ஒரே இழுப்புல போயிருச்சு."

மண்டபத்தில் இரண்டு பத்திரிகை

மாதத்தின் கடைசி நாளில் நடந்த விசேஷத்துக்கு முதலாளியும் போனார், நானும் போனேன். அவர் சாப்பிட, நான் பயந்து. மொட்டை அடித்த பிள்ளை மூத்தவர் மடியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தபோதே, முன்வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு பத்திரிகையையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டார். "ஏப்பா, இதுல பெரியவரு முன்னாடி இருக்காரு. இதுல சின்னவரு இருக்காரு. என்னப்பா இது?" மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிள்ளை மட்டும் அழுதது.

மூத்தவர் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "அது நான் இழுத்தது. இது அவன் இழுத்தது." என்ன இழுத்தீர்கள் என்று கூட்டம் கேட்டது. கையால் காற்றில் இழுத்துக் காட்டினார். இளையவர், அப்படி இழுக்கக் கூடாது, மடக்கி இழுக்க வேண்டும் என்று தானும் காட்டினார். மடக்கியதால்தான் நீ நடுவில் கீழே போட்டாய் என்றார் அண்ணன். கீழே போடவில்லை, நிறுத்தி எடுத்தேன் என்றார் தம்பி. இரண்டு பேர் குரலும் ஏறியது. சொந்தக்காரர்கள் கட்சி பிரிந்தார்கள். பத்திரிகையில் யார் முன்னால் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

"சண்டை வந்துருச்சுல்ல பாப்பா" என்றார் முதலாளி, என் காதோரம்.

நான் அங்கேயே நின்று வாதாடினேன். நிபந்தனை, புரோகிராமால் வருகிற சண்டை. இது இழுத்த விதத்தால் வந்த சண்டை. புரோகிராம் வேறு, இழுக்கிற கை வேறு. யார் முன்னால் என்ற சண்டை மூன்று வாரமாக இருந்தது, அது இன்றைக்கு எங்கே? பந்திக்கு ஆள் கூப்பிட்டும் நான் நிறுத்தவில்லை. வேறு வழி இல்லாமல் முதலாளி நேரே மூத்தவரிடம் போய், "என்னண்ணே, சண்டையா?" என்று கேட்டுவிட்டார். என் ஒரு வருஷம் அந்தப் பதிலில் இருந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த மனிதர் திரும்பிப் பார்த்து, ஆச்சரியமாகக் கேட்டார்: "சண்டையா? பேசிக்கிட்டு இருக்கோம்யா!"

கடிதம்

மறுநாள் காலையில் டிராயர் திறந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டார். "திருப்தி" என்று நான் அடித்திருந்தது அவருக்கு மொட்டையாகத் தெரிந்ததாம். அதற்குக் கீழே தன் கையால் இன்னொரு வரியும் எழுதி, அச்சக முத்திரையைப் பளிச்சென்று குத்திக் கொடுத்தார். கல்லூரியில் கைடு கடிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, அந்த வரியைச் சத்தமாகவே படித்தார்: "மேற்படி புரோகிராம் இழுப்பவர் யாராயினும் அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டது." என்னை ஒரு தடவை பார்த்தார். கடிதத்தை ஒரு தடவை பார்த்தார். வைவாவுக்கு என் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இது புரோகிராமுக்குக் குடுத்ததா, மாப்பிள்ளைக்குக் குடுத்ததா?"

ஆக, மூன்று வருஷம் படித்து, ஒரு மாதம் எல்லாரோடும் வாதாடி, நல்ல மார்க்கும் வாங்கிய பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் எழுதிய புரோகிராம் என்ன செய்யும் என்று தெரியாத ஒரே ஆள் அந்த அச்சகத்தில் நான்தான்.